மோரி குளத்து வாசல், 1965: ஒரு மாணவர் சங்கத்தின் கதை (நிகழ்வு ஆய்வு)

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மோரி என்று ஓர் ஊர். சிட்னியிலிருந்து சாலை வழியே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் பீறிடும் ஊர் என்பதால் அங்குள்ள நகராட்சிக் குளம் பிரபலம். மூட்டுவலிக்கு நல்லது என்று வெளியூர்க்காரர்கள்கூட வந்து முங்கிவிட்டுப் போவார்கள். 1955இல் அந்த ஊர் நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. முழுப் பூர்வகுடியினரோ, கலப்பினத்தவரோ, பார்த்தால் பூர்வகுடி ரத்தம் கலந்தவர்போலத் தெரிபவரோ மன்றத்தின் நினைவு மண்டபத்துக்குள்ளும் குளத்துக்குள்ளும் வரக் கூடாது என்றது அது.

'பார்த்தால் தெரிபவர்' என்ற பகுதியைக் கவனிக்க வேண்டும். யார் பார்த்தால்? டிக்கெட் கிழிப்பவர் பார்த்தால். அதாவது ஒருவருடைய உரிமையை முடிவு செய்யும் அதிகாரம் வாசலில் நிற்கும் ஊழியரின் கண்ணுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பூர்வகுடிப் பிள்ளைகள் பள்ளிக்கூட நேரத்தில் வகுப்போடு வந்து நீந்தலாம். மணி அடித்ததும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் குளத்திலேயே இருக்க, இவர்கள் மட்டும் வெளியேற வேண்டும்.

பத்து ஆண்டுகள் அந்தத் தீர்மானம் அப்படியே கிடந்தது. 1965 பிப்ரவரியில் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஒரு மாணவர் சங்கம் பேருந்து பிடித்து அங்கே போனது. சங்கத்தின் பெயர் 'ஸ்டூடன்ட் ஆக்‌ஷன் ஃபார் அபாரிஜின்ஸ்', சுருக்கமாக சஃபா. இந்தப் பயணத்தைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக வீரம், முட்டையடி, செய்தித்தாள் பரபரப்பு ஆகியவற்றைத்தான் முன்னால் வைப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: அவர்கள் மோரிக்கு இரண்டு முறை போனார்கள். முதல் முறையோடு நின்றிருந்தால் இதை ஆய்வு செய்ய ஒன்றும் இருந்திருக்காது.

சங்கம் உருவான விதம்

சஃபாவின் பிறப்பு கொஞ்சம் சங்கடமான பிறப்பு. 1964 மே 6 அன்று சிட்னி மாணவர்கள் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அமெரிக்கக் குடிமை உரிமைகள் மசோதா அங்கே செனட்டில் இழுபறியில் கிடந்த நேரம் அது. கறுப்பின மக்களுக்கு நீதி வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். போலீஸோடு தள்ளுமுள்ளு, கைது எல்லாம் நடந்தது. அடுத்து வந்தது எதிர்பாராத கேள்வி. அலபாமாவுக்காகக் கத்துகிறீர்களே, உங்கள் ஊர்ப் பூர்வகுடி மக்களின் நிலைமை என்ன என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கேட்டார்கள்.

கேட்டவர்களில் சிலருக்கு மாணவர்களின் வாயை அடைப்பதுதான் நோக்கம் என்று நினைக்கிறேன். ஆனால் கேள்வி நியாயமானது, அது சுட்டது. அந்த ஜூலை 8 அன்று, தேசியப் பூர்வகுடியினர் நாளில், மாணவர்கள் நகரின் நடுவில் பாட்டும் பேச்சுமாக ஒரு கூட்டம் நடத்தினார்கள். அதையொட்டிய மாதங்களில் சஃபா உருவானது. தலைவர் சார்லஸ் பெர்கின்ஸ். செயலாளர் ஜிம் ஸ்பிகல்மன்.

பெர்கின்ஸை வழக்கமான கல்லூரி மாணவராக நினைத்துவிடக் கூடாது. 1936இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்த, அரண்டா, கல்கடூன் என்ற பூர்வகுடிகளின் வழிவந்தவர். அடிலெய்டில் விடுதியில் வளர்ந்து, பட்டறைத் தொழில் கற்று, கால்பந்தாட்டக்காரராக இங்கிலாந்து வரை போய்வந்தவர். சிட்னியில் கிரேக்கக் குடியேறிகளின் பான்ஹெலனிக் அணிக்கு ஆடிக் கிடைத்த பணத்தில்தான் படித்தார். பயணம் கிளம்பியபோது வயது 28. அன்று சிட்னி பல்கலைக்கழகத்தில் அவரையும் கேரி வில்லியம்ஸையும் தவிர வேறு பூர்வகுடி மாணவர்கள் இல்லை. ஸ்பிகல்மனுக்கு 19 வயது. போலந்தில் பிறந்து, குழந்தையாக ஆஸ்திரேலியாவுக்கு வந்த யூதக் குடும்பத்துப் பையன். கலையும் சட்டமும் படித்தவர்.

மற்றவர்கள்? தொழிற்கட்சி மாணவர்கள், கம்யூனிஸ்டுகள், கிறித்தவ மாணவர் அமைப்புக்காரர்கள் என்று எல்லாம் கலந்த கூட்டம். சாதாரண நாளில் கேண்டீனில் ஒருவரோடொருவர் சண்டை போடுகிறவர்கள். பயணத்துக்கு அவர்கள் போட்டுக்கொண்ட பொது விதி அகிம்சை: அடித்தால் திருப்பி அடிப்பதில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் வழிமுறைகளைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

கையில் சட்டம் இல்லை

நிறப் பாகுபாட்டை எதிர்த்து 1961இல் அமெரிக்காவில் நடந்த 'ஃப்ரீடம் ரைடு' பேருந்துப் பயணங்கள்தான் இவர்களுக்கு முன்மாதிரி. பெயரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சட்டக் கண்ணோடு பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரியானவை அல்ல. இந்த வித்தியாசத்தைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கப் பயணிகளின் பையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளுக்கான பேருந்து நிலைய உணவகங்களில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று 1960இல் பாய்ன்டன் வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருந்தது. தெற்கு மாநிலங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. அதனால் பயணிகள் செய்தது ஒரு சோதனை: இதோ சட்டம், இதோ நாங்கள், அமல்படுத்துகிறீர்களா இல்லையா? எதிர்த்தவர்கள் பேருந்தை எரித்தார்கள், பயணிகளை அடித்தார்கள். ஆனாலும் கடைசியில் மத்திய அரசு தலையிடுவதற்கு ஒரு சட்டப் பிடிமானம் இருந்தது.

சிட்னி மாணவர்களின் கையில் அப்படி எதுவும் இல்லை. 1965இல் ஆஸ்திரேலியாவில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டமே கிடையாது. முதல் மாநிலச் சட்டம் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1966இல்தான் வந்தது. நாடு முழுமைக்குமான இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் வர 1975 ஆனது. கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை எல்லாப் பூர்வகுடியினருக்கும் 1962இல் கொடுத்திருந்தார்கள், சரி. ஆனால் அரசியல் சாசனத்தின் 127ஆவது பிரிவின்படி மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது. 51ஆவது பிரிவு, இனங்களுக்கெனச் சட்டம் இயற்றும் மத்திய அதிகாரத்திலிருந்து பூர்வகுடியினரை விலக்கி வைத்திருந்தது. எனவே அவர்களைப் பற்றிய சட்டமெல்லாம் மாநிலங்களின் கையில். நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடியினர் நல வாரியம் என்று ஒன்று இருந்தது. பூர்வகுடியினர் வாழ்ந்த ஒதுக்கிடங்களை அதுதான் நிர்வகித்தது. அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்ப ஒரு விலக்குச் சான்றிதழ் வாங்கலாம். பூர்வகுடி மக்கள் அதை 'நாய் லைசென்ஸ்' என்று சொல்வார்கள்.

ஆக, மோரியில் தீர்மானம்தான் சட்டம். அதற்கு மேலே முறையிட ஒரு சட்டம் இல்லை. இந்த இடத்தில் மகாராஷ்டிரத்தின் மகாடு ஊர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அங்கே நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. ஏட்டில் திறந்திருந்த குளத்தில் உண்மையில் தண்ணீர் அள்ளிக் குடித்துக் காட்டத்தான் 1927இல் அம்பேத்கர் மக்களைக் கூட்டிப் போனார். மோரியில் நிலைமை தலைகீழ். ஏடே பூட்டியிருந்தது. முதலில் ஏட்டை மாற்ற வேண்டும், பிறகு குளத்தை.

அப்படியானால் மாணவர்களுக்கு இருந்த பிடிமானம் என்ன? ஒன்றே ஒன்று. மன்றம் போட்ட தீர்மானத்தை மன்றமே ரத்து செய்யலாம். அதற்கு ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், பெரும்பான்மை வாக்களிக்க வேண்டும். கோஷத்தின் இலக்கு பொதுவாக 'இனவெறி' என்று இல்லாமல், ஒரு குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட தீர்மானமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கேள்வித்தாள்

1965 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை இரவு சிட்னியிலிருந்து பேருந்து கிளம்பியது. மாணவர்கள் 29 பேர். முதலில் வெலிங்டன், அப்புறம் குலர்கம்போன். இரண்டு ஊரிலும் ஆர்ப்பாட்டம் பெரிதாக இல்லை. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஊர் எல்லையில் இருந்த குடியிருப்புகளுக்குப் போனார்கள். தகரக் கொட்டகைகள், மண் தரை. வீடு எப்படி, தண்ணீர் எங்கிருந்து, பிள்ளைகள் எந்த வகுப்பு வரை, ஊரில் எந்தக் கடையில் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஊருக்குள் வெள்ளையர்களிடமும் கருத்துக் கேட்டார்கள்.

இதைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் அவ்வளவாக மெச்சுவதில்லை. சமூகவியல் ஆய்வாக அதன் தரம் எப்படியோ, அது எனக்கு இங்கே முக்கியமில்லை. போராட்டத்துக்கு அது செய்த வேலை பெரிது. கேள்வித்தாள் இல்லாமல் போயிருந்தால், பேருந்தில் வந்து இறங்கியவர்கள் தங்களுக்கு முன்பே தெரிந்த பதிலை ஊர்மேல் சுமத்தியிருப்பார்கள். ஒவ்வோர் ஊரிலும் குறை வேறு என்பது கேட்டதால்தான் தெரிந்தது. ஓரிடத்தில் கிளப், ஓரிடத்தில் குளம், ஓரிடத்தில் சினிமாக் கொட்டகை. வால்கெட்டில் பூர்வகுடிப் பெண்கள் ஒரு துணிக்கடையில் கவுன் வாங்கலாம், ஆனால் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். இந்தக் குறையெல்லாம் சிட்னியில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் வராது.

நம் கல்லூரிகளிலும் சட்ட விழிப்புணர்வு மன்றங்கள் இருக்கின்றன. முகாம் என்றால் பெரும்பாலும் மேடை, பேனர், சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குரூப் போட்டோ. முகாமுக்கு முந்தின வாரம் அந்தத் தெருவில் போய் 'உங்களுக்கு என்ன பிரச்சினை' என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்த மன்றங்கள் எத்தனை என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

வால்கெட்டில் கிளப் வாசல்

பிப்ரவரி 15, வால்கெட். ஆர்.எஸ்.எல். கிளப் என்பது முன்னாள் படைவீரர்களின் சங்கம். சிறிய ஊர்களில் குடிக்க, சாப்பிட, நாலு பேரைப் பார்க்க அதுதான் மையம். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட பூர்வகுடி வீரர்களை வால்கெட் கிளப் உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒருநாள், போர்வீரர் நினைவு நாளான அன்ஸாக் தினத்தில் மட்டும் உள்ளே விடுவார்கள்.

மாணவர்கள் கிளப் வாசலில் பதாகைகளோடு வரிசையாக நின்றார்கள். நல்ல கோடை, பல மணி நேரம். டோப்ரூக் போர்முனைக்குத் தகுதியானவர்கள் வால்கெட் கிளப்புக்கு ஏன் தகுதியில்லை என்று கேட்டது ஒரு பதாகை. சுற்றிலும் கூட்டம் கூடியது. ஏச்சு, கேலி. ஸ்பிகல்மன் கையில் வீட்டு உபயோகத்துக்கான ஒரு சிறிய சினிமா கேமரா வைத்திருந்தார். கூட்டத்தை அதில் படம் பிடித்தார். தேசிய ஒலிபரப்பான ஏபிசியில் வேலை பார்த்த டார்ஸ் காசிடியும் பயணத்தில் இருந்தார், ஒலிப்பதிவுக் கருவியோடு.

காசிடியின் பதிவில் வால்கெட் பூர்வகுடிப் பெண் ஒருவரின் குரல் இருக்கிறது. பகலில் எங்களை ஒதுக்குகிறீர்கள், ராத்திரியில் எங்கள் பெண்களைத் தேடி வருகிறவர்கள் யார் என்று அங்கே நின்ற வெள்ளைக்கார ஆண்களைப் பார்த்துக் கேட்கிறார். கூட்டம் அடங்கிப்போகிறது. 29 மாணவர்களின் பதாகைகளால் முடியாததை ஊர்க்காரர் ஒருவர் சில வாக்கியங்களில் செய்துவிட்டார். இப்படிப் பேச அவருக்கு இடம் அமைந்தது மாணவர்கள் வந்ததால். பேச விஷயம் இருந்தது அவர் அங்கேயே வாழ்ந்ததால்.

அன்றிரவு தங்கியிருந்த தேவாலயக் கூடத்திலிருந்து மாணவர்களை வெளியேறச் சொன்னார்கள். இருட்டில் பேருந்து கிளம்பியது. பின்னால் கார்கள் தொடர்ந்தன. ஊருக்கு வெளியே ஒரு லாரி பேருந்தை நெருக்கிச் சாலையை விட்டு இறக்கியது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் சிட்னி நாளிதழ்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்குமா? அதுவரை 'ஏதோ மாணவர் சுற்றுலா' என்றிருந்தது மறுநாள் நாட்டின் பேச்சாகிவிட்டது. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுத ஆரம்பித்தன.

மோரி, முதல் முறை

பிப்ரவரி 17. முதலில் நகர்மன்றக் கட்டடத்தின் முன் ஆர்ப்பாட்டம், தீர்மானத்தை ரத்து செய் என்ற ஒரே கோரிக்கையோடு. பிறகு ஊருக்கு வெளியே பூர்வகுடிக் குடியிருப்புக்குப் போய், பெற்றோரிடம் கேட்டுச் சில பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கு வந்தார்கள். வாசலில் கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் நீந்தினார்கள். மாலையில் பொதுக்கூட்டம். ஊர் மக்கள் காரசாரமாக வாதிட்டார்கள். தடையை நீக்க வேண்டும் என்ற பக்கமே கூட்டத்தில் வென்றது.

செய்தியாளர்களுக்கு வேண்டிய படம் கிடைத்துவிட்டது. மாணவர்கள் போகபில்லாவுக்குக் கிளம்பினார்கள்.

இங்கேதான் பெரும்பாலான போராட்டங்கள் முடிந்துபோகும். வெற்றி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பொதுக்கூட்டத்தின் கைதட்டல் நகர்மன்றத் தீர்மானம் ஆகாது. ஏட்டில் எதுவும் மாறவில்லை. மாணவர்கள் போனதும், பாப் பிரவுன் என்ற நகர்மன்ற உறுப்பினர் பூர்வகுடிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே குளத்துக்குப் போனார். அனுமதி மறுத்துவிட்டார்கள்.

பாப் பிரவுனைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். அவர் மோரிக்காரர், வெள்ளையர், மன்றத்தில் உறுப்பினர். மாணவர்களுக்குத் திரும்பிப் போகச் சிட்னி இருந்தது. இவருக்கு அந்த ஊரிலேயே கடைக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டும். கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு, தடை உண்மையில் நீங்கியதா என்று சோதித்துப் பார்த்தவர் அவர்தான். சட்ட உரிமை வேலையில் இதைவிட அலுப்பான, இதைவிட அவசியமான காரியம் கிடையாது. பயணத்தைப் பற்றிய சுருக்கமான குறிப்புகளில் அவர் பெயர் வருவதே இல்லை.

மோரி, இரண்டாம் முறை

செய்தி மாணவர்களுக்குப் போனது. திட்டப்படி அவர்கள் கிழக்கே கடற்கரை ஊர்களுக்குப் போக வேண்டும். மோரிக்குத் திரும்புவதா, வேண்டாமா? வால்கெட் லாரியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இந்த முறை ஊர் தயாராகக் காத்திருக்கும் என்பதும் தெரியும். பேசி முடிவெடுத்து, பேருந்தைத் திருப்பினார்கள்.

பிப்ரவரி 20, சனிக்கிழமை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து டிக்கெட் வரிசையில் நின்றார்கள். உள்ளே விடமாட்டோம் என்றதும் வரிசையை விட்டு விலகவில்லை. இவர்களை விடாவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது என்று வாசலை அடைத்து நின்றார்கள். நூற்றுக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது. முட்டை, தக்காளி, அழுகின பழம், கல் என்று பறந்தன. எச்சில் துப்பினார்கள். ஸ்பிகல்மனை ஒருவர் அடித்துக் கீழே தள்ளினார். மேயர் வில்லியம் லாய்ட் தாமே இறங்கி வந்து மாணவர்களை வரிசையிலிருந்து பிடித்து இழுத்துவிட்டார். ஒரு மேயர் குளத்து வாசலில் நின்று கல்லூரிப் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். தீர்மானம் எழுதிய மன்றமே உருவெடுத்து வாசலில் நின்ற மாதிரி.

மாணவர்கள் யாரும் திருப்பி அடிக்கவில்லை. இது குணம் மட்டுமல்ல, கணக்கும்கூட. ஒரே ஒரு மாணவர் கை ஓங்கியிருந்தாலும் மறுநாள் செய்தி 'மோதல்' என்றுதான் வந்திருக்கும். தீர்மானத்தைப் பற்றி யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

சுமார் மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு மேயர் இறங்கி வந்தார். 1955 தீர்மானத்தை ரத்து செய்யும் தீர்மானத்தை மன்றத்தில் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். கவனியுங்கள், இந்த முறை வாங்கியது 'இன்றைக்கு மட்டும் நீந்திக்கொள்ளுங்கள்' என்ற அனுமதியை அல்ல; மன்ற நடைமுறைப்படி ஒரு முன்மொழிவுக்கான வாக்குறுதியை. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். போலீஸ் பாதுகாப்போடு பேருந்து ஊரை விட்டு வெளியேறியது. பிறகு தடை நீங்கியது.

மற்ற ஊர்கள்

கிராஃப்டனில் பேருந்து ஓட்டுநர் இனிமேல் நான் வரமாட்டேன் என்று நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சங்க உறுப்பினர் அல்ல, வண்டி ஓட்ட வந்தவர். வேறு ஓட்டுநர் வந்தார்.

பவ்ராவிலில் சினிமாக் கொட்டகையில் பூர்வகுடியினர் தனி வழியாகப் போய், படம் தொடங்கின பிறகு, தடுப்புக்கு முன்னால் இருந்த பகுதியில் உட்கார வேண்டும். மாணவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் உரிமையாளர் அன்றைக்குக் கொட்டகையையே மூடிவிட்டார். கெம்ப்சியில் குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள், விடவில்லை. அங்கே மூன்று மணி நேரம் நிற்கத் தெம்பும் நாளும் இல்லை. பிப்ரவரி 26 அன்று சிட்னிக்குத் திரும்பிவிட்டார்கள். எல்லா ஊரும் மோரி ஆகிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

அப்புறம் என்ன ஆனது

1967 மே 27 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அரசியல் சாசனத் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 127ஆவது பிரிவு நீக்கப்பட்டது, 51ஆவது பிரிவிலிருந்த விலக்கும் போனது. இந்த வெற்றிக்குப் பேருந்துப் பயணம்தான் காரணம் என்று சொல்வோர் உண்டு. அது கொஞ்சம் அதிகப்படி. வாக்கெடுப்புக்காகப் பூர்வகுடித் தலைவர்களும் அவர்களுடைய அமைப்புகளும் ஆண்டுக்கணக்காகக் கையெழுத்து வாங்கி, நாடாளுமன்ற வாசலில் காத்துக் கிடந்திருக்கிறார்கள். மாணவர்கள் ஊர் ஊராகப் போவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, 1938இல், சிட்னியில் பூர்வகுடியினர் துக்க நாள் அனுசரித்திருக்கிறார்கள். பயணம் செய்த காரியம் வேறு. பாகுபாடு என்பது எங்கோ அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் நடப்பது என்று நினைத்திருந்த நகரத்து வெள்ளையர்களின் வரவேற்பறைக்குள் மோரி வாசலைக் கொண்டுவந்து காட்டியது. வாக்களித்தவர்களில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள்.

நல வாரியம் 1969இல் கலைக்கப்பட்டது. பெர்கின்ஸ் 1966இல் பட்டம் வாங்கினார். அதற்கு முன், 1965 ஆகஸ்டில், வெள்ளையர் அல்லாதோர் குடியேறுவதைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கைப்படி நாடு கடத்தப்பட இருந்த ஐந்து வயது ஃபிஜி இந்தியச் சிறுமி ஒருத்தியை விமான நிலையத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய களேபரம் செய்தார். நாடு கடத்தலை அதனால் தடுக்க முடியவில்லை, ஆனால் கொள்கை முதல் பக்கத்துக்கு வந்தது. 1984இல் கூட்டாட்சி அரசின் பூர்வகுடியினர் விவகாரத் துறைக்குச் செயலாளர் ஆனார். 2000இல் இறந்தார். மோரியில் அடிபட்ட ஸ்பிகல்மன் 1998இல் அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தலைமை நீதிபதியானார். பயணத்தில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வந்த மாணவி ஆன் கர்த்தாய்ஸ் வரலாற்றாசிரியராகி 2002இல் அந்தப் பயணத்தின் வரலாற்றை எழுதினார். மோரியின் விவரங்கள் இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதற்கு அந்த நாட்குறிப்பும், காசிடியின் நாடாவும், ஸ்பிகல்மனின் கேமராவும் காரணம். சங்கம் நடத்துகிறவர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது இதனால்தான்.

பயணத்தின் மேல் வைக்கப்படும் விமர்சனங்களில் ஒன்று வலுவானது. வெளியூர் மாணவர்கள் வந்து ஊரைக் கிளறிவிட்டுப் போனால், பிறகு வரும் பகையைத் தாங்குவது யார்? வேலை கொடுப்பவர் வெள்ளையர், போலீஸ் வெள்ளையர், கடைக்காரர் வெள்ளையர். இதற்குச் சஃபாவிடம் முழுப் பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாதிப் பதில் வால்கெட்டில் இருந்தது.

அங்கே ஹாரி ஹால் என்ற பூர்வகுடித் தலைவர் இருந்தார். பிப்ரவரியில் மாணவர்கள் வந்தபோது அவர்களோடு நின்றவர். பேருந்து போன பிறகு ஊரில் அடுத்த சண்டையைத் தொடங்கியவரும் அவர்தான். வால்கெட் திரையரங்கில் மாடி இருக்கைகள் வெள்ளையர்களுக்கு மட்டும். 1965 ஆகஸ்டில் அதை எதிர்த்து இறங்கியபோது அவர் சிட்னிக்குச் சொல்லி அனுப்பினார். சஃபா மாணவர்கள் மறுபடி வந்தார்கள். இம்முறை எந்த வாசலில் நிற்பது, எப்போது நிற்பது என்பதையெல்லாம் ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். மாணவர்கள் அவர்களுக்குப் பின்னால் மாடி டிக்கெட் கேட்டு வரிசையில் நின்றார்கள். கைதானவர்களில் இரு தரப்பினரும் இருந்தார்கள்.